காராமணி தின்னி

சென்ற ஆண்டு, மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். மாமல்லபுரத்தில் நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜின் வரவேற்பறையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

என் தம்பி மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டில், மின்கோபுரம் நிறுத்தும் வேலையில் இருந்தான். அங்கே ராணுவ ஆட்சி. பக்கத்து நாடான செனகலிலிருந்து டீசல் ஏற்றி வரும் டாங்கர்களை ஆயுதக் குழுக்கள் வழிமறித்துக் கொளுத்திக்கொண்டிருந்தன. வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கடத்துவதாகவும் செய்தி. தம்பியும் கூட வேலை செய்தவர்களும் ஒரு வேனில் செனகல் எல்லைக்குக் கிளம்பியிருந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "அண்ணாத்த, மிலிட்டரிக்காரன் வுட மாட்டன்றான். வந்த வழியே திரும்புன்னு சொல்றான். டீசல் பாதி தூரங்கூட வராது. இன்னா பண்றது?"

இன்னொரு போனில், செய்யூரிலிருந்து அவன் மனைவி. "இன்னா மாமா, எல்லை தாண்டிட்டாரா?"

"மாலி எல்லைய தாண்டிகினு கீறான்மா" என்றேன். பொய்.

எதிரே செனகல்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தாயாரின் அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்தவர். ஊர் திரும்புமுன் கடற்கரைக் கோயிலைப் பார்க்க வந்திருந்தார். 'மாலி' என்று காதில் விழுந்ததும் எழுந்து வந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தச் சிப்பாயிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

இரண்டு நாட்டிலும் பேசும் ஏதோ ஒரு மொழியில், நலம் விசாரிப்பது போலத்தான் ஆரம்பித்தார். நடுவில் ஏதோ ஒரு பெயர் கேட்டது. உடனே குரலை உயர்த்தி மேசையைத் தட்டினார். அந்தப் பக்கமும் கத்தல். துப்பாக்கி வைத்திருப்பவனை இவர் திட்டுகிறார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. போனைப் பிடுங்கினேன். லைன் அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை. மறுபடியும் போகவில்லை.

அவர் கோபப்படவில்லை. "அவன் குடும்பப் பெயரைக் கேட்டேன். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பரம்பரையாகக் கேலி முறை. காராமணி தின்னி என்று திட்டினேன்; இந்த முறையில் வழக்கமான வசவு அதுதான். கோபித்துக்கொண்டால் அவனுக்குத்தான் கேவலம். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இதே பெயர்கள்தான்" என்றார்.

நம் ஊர் மாமன் மச்சான் கிண்டல்தான். அதைத்தான் நான் பாதியில் அறுத்திருந்தேன்.

"பதிலுக்குத் திட்டாமல் அவனால் இருக்க முடியாது" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. செய்யூர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

தம்பி எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது சிப்பாய். ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தான். இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; வேனில் இருப்பவன் தன் தம்பி என்றும் சொல்லிவிட்டாராம்.

பிறகு என் தம்பி வந்தான். "காலி டாங்கருங்க மிலிட்டரி காவலோட செனகல் போவுது. அதும் பின்னாடியே போவ சொல்லிட்டான். என்னப் பாத்து இன்னாவோ சொல்லிச் சிரிக்கிறான் அண்ணாத்த."

"நீயும் சிரிடா."

ஆனால் டாங்கர்கள்தானே குறி? காவல் கிடைத்ததா, குறிக்குள்ளேயே போகிறானா? அந்த மாலை முழுக்க அதே கேள்வி. செனகல்காரரின் கார் வாசலில் வந்து நின்றது. அவர் கிளம்பவில்லை.

விளக்கு போடும் நேரத்தில் தம்பி எல்லைக்கு அப்பாலிருந்து பேசினான். முதலில் செய்யூருக்குப் பேசு என்று வைத்துவிட்டேன்.

அண்டை நாடுகளின் கூட்டமைப்பிலிருந்து மாலி விலகிய செய்தியை அதற்கு முன்பே படித்திருந்தேன்; அந்த விலகல் இந்தக் கேலி முறையைத் தொடவில்லை. அந்த நாட்டுச் செய்தி இப்போது கண்ணில் பட்டால், முகம் தெரியாத அந்தக் காராமணி தின்னி பத்திரமாக இருக்கிறானா என்றுதான் மனம் முதலில் கேட்கிறது.