வறுத்த பார்லித் தண்ணீர்

எதிர்வீட்டு ரமேஷ் கொரியாவிலிருந்து லீவில் வந்திருக்கிறான். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு சாமான் கொடுத்தவன், என் கையில் ஒரு பாக்கெட் காய்ந்த கடற்பாசியை வைத்தான். சாக்லேட் என் வீட்டுக்கு வருமுன்பே தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

"அக்கா, அங்க பிள்ளை பெத்தவங்களுக்கு மூணு வாரமும் இந்த சூப்புதாங்க. பச்சத் தண்ணியில கை வைக்க விடமாட்டாங்க. வெயில் காலத்துலயும் சாக்ஸ் போட்டு இழுத்துப் போத்தி வச்சிருக்காங்க" என்றான். கல்யாணமாகாத பையன். வேலை செய்யும் பட்டறையின் முதலாளி வீட்டில் மருமகளுக்குப் பிள்ளை பிறந்ததாம். ஏதோ அவனே பிரசவம் பார்த்தவன் போல விவரம் சொன்னான்.

சும்மா கிடக்கட்டுமே என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். எனக்கு இப்போதெல்லாம் ஒரு வேளை சமைத்து இரண்டு வேளை சாப்பிடுகிற சோம்பல். முழங்கால் வேறு அடுப்படியில் நிற்க விடுவதில்லை. நேற்றுத்தான் அவன் சொன்னபடி பாசியை ஊறவைத்து, பூண்டு தட்டி, நல்லெண்ணெயை ஊற்றினேன். சூப் என்ன ருசி என்று கேட்காதீர்கள், பாதியைக் கொட்டிவிட்டேன். ஆனால் எண்ணெய் காய்ந்து வாசம் எழும்பியதே, அதோடு என்னைச் சிங்கப்பூரில் எட்டாம் மாடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இங்கே இலங்கை மலைநாட்டில், றொசல்லை ஸ்டேஷனுக்கு மேலே, இந்தக் குளிரில், கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது. சீனக் குடும்பம். மேடம் நிறைமாதமாக இருந்தார். நான் போய் எட்டாம் நாள் அவருக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவளை ஒரு மாதம் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி வந்தவரை எல்லோரும் 'ஆ சம்' என்று கூப்பிட்டார்கள். அறுபது வயதுச் சீனப் பெண்மணி, மலேசியாக்காரர். சின்ன வயதில் இறப்பர் தோட்டத்துப் பக்கம் குடியிருந்ததால் கொஞ்சம் தமிழ் பேசுவார். அவர் வாயைத் திறந்து "இஞ்சி எங்க?" என்று கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் நிஜமாகவே இஞ்சியைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

இஞ்சி, இஞ்சி, எந்நேரமும் இஞ்சி. நல்லெண்ணெயில் இஞ்சி வதக்கி, அரிசி ஒயின் ஊற்றிக் கோழி. கறுப்பு வினிகரில் பன்றிக்கால், முட்டை, அதிலும் இஞ்சி. தாகத்துக்குப் பேரீச்சை போல ஒரு சிவப்புப் பழம் அவித்த தண்ணீர். ஒரு மாதம் தலைக்குக் குளிக்கக் கூடாது, மின்விசிறி போடக் கூடாது. மேடம் பெரிய கம்பெனியில் வேலை செய்கிறவர். அவரே சொன்னதைக் கேட்டுத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

எனக்கு இது ஒன்றும் புதினமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலும் பூண்டு, மிளகு, கருவாடுதான். காதில் பஞ்சு, பச்சைத் தண்ணீர் ஆகாது. சட்டங்கள் எல்லாம் ஒன்றுதான். நாட்கள்தான் வேறு. என் மகள் மதுவைப் பெற்ற ஒன்பதாம் நாள் நான் மலைத்தண்ணீர் விழும் பீலியில் குனிந்து குடத்துக்குத் தண்ணீர் பிடித்தேன். வீட்டில் இருந்தது நானும் என் தங்கச்சி வசந்தியும்தான், அவளும் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நின்றார். அன்று பிடித்த இடுப்புவலி இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறது. அலுத்துப்போய்ப் பேசாமல் கூட்டிக்கொண்டு திரிகிறேன்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் விமானம் ஏறியபோது மதுவுக்கு ஐந்து மாதம். ஏஜென்சிக்காரர் பிள்ளைக்கு ஆறு வயது என்று எழுதச் சொன்னார். கைப்பிள்ளைக்காரியை எடுக்க மாட்டார்களாம், தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்களாம். சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்ற வெறி. எழுதினேன். வசந்தியின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

மனசு பொய் சொல்லும், மார்பு சொல்லுமா? மேடத்தின் குழந்தை அழுதால் எனக்குச் சட்டை நனைந்துவிடும். இரண்டு சட்டை, அதற்குமேல் ஏப்ரன் போட்டுக்கொண்டு அலைந்தேன். கூடவே இன்னொரு கூத்தும் நடந்தது. பால் வற்றிவிடக் கூடாது என்று குளியலறையில் தினமும் பீய்ச்சி ஊற்றினேன். விடாமல் பீய்ச்சினால் பால் நிற்காது, இரண்டு வருஷம் கழித்துப் போனாலும் மதுவுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு கணக்கு. சிரிக்காதீர்கள். இருபத்துமூன்று வயதில் எல்லாம் நடக்கும் போலத்தான் இருந்தது.

ஆ சம் நாலே நாளில் கண்டுபிடித்துவிட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னைத் திருப்பி, ஏப்ரனை விலக்கிப் பார்த்தார்.

"புள்ள எத்தன மாசம்?"

"ஆறு வயசுங்க."

"ஆறு வயசு புள்ளைக்கு பால் வருமா? எனக்கு பொய் சொல்லாத."

சொல்லிவிட்டேன். அவர் மேடத்திடம் போகவில்லை. ஒரு கிண்ணம் இஞ்சிக் கோழியை என் முன்னால் வைத்தார். பிள்ளை பெற்றவளுக்கென்று ஒருவர் சமைத்து, சூடாக, உட்காரவைத்துக் கொடுத்து நான் சாப்பிட்டது அன்றுதான். எலும்பைக்கூட விடவில்லை. "எப்ப ஊருக்கு போகும்?" என்று கேட்டார். "ரெண்டு வருஷங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் கோழி வரவில்லை. பார்லியைக் கறுக்க வறுத்துக் கொதிக்கவைத்த தண்ணீர் வந்தது. "குடி. பால் நிக்கும்" என்றார்.

எங்கள் லயத்தில் பாலை நிறுத்துவது ஒரே ஒரு சமயத்தில்தான். பிள்ளை செத்தால். மூன்றாம் காம்பராவில் குடியிருந்த ஒரு அக்காவுக்கு மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த வாசம் லயம் முழுக்க இரண்டு நாள் நின்றது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குரிய பாலை நானே நிறுத்துவதா? நிறுத்தினால் அங்கே மதுவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றே நம்பினேன். "குடிச்சேங்க" என்று சொல்லிக் கிண்ணத்தைக் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். ஐந்து நாள் ஊற்றினேன். பீய்ச்சுவதையும் விடவில்லை.

ஆறாம் நாள் இடதுபக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் தூக்கியடித்தது. கையில் இருந்த பால்போத்தல் நழுவி விழுந்தது. மேடம் எட்டிப் பார்த்தார். வெறும் சளி, தடிமன் காய்ச்சல் என்பதுபோல ஆ சம் சீனத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்து, என்னைத் தன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்தார், எங்கிருந்தோ மாத்திரை வாங்கிவந்தார். நான் மல்லிகைப் பூக் கதையைச் சொல்லி அழுதேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ.

"உன் புள்ள சாவல" என்றார். "தங்கச்சிகிட்ட இருக்கு, சாப்பிடுது, தூங்குது. பால்தான் போகுது. இன்னும் காய்ச்சல் வந்தா மேடம் உன்ன அனுப்பும். அப்புறம் எதுக்கு புள்ளைய விட்டு வந்த?"

பார்லித் தண்ணீர்க் கிண்ணத்தை வாங்கி அவர் முன்னாலேயே குடித்தேன். கருகல் வாடை, லேசான இனிப்பு. ஒரு வாரம் குடித்தேன். பால் வற்றிவிட்டது. மது அங்கே நன்றாகத்தான் இருந்தாள், பல் முளைத்திருக்கிறது என்று வசந்தி போனில் சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெறுமையாகவும் இருந்தது. மாதம் முடிந்ததும் ஆ சம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என் கன்னத்தைத் தட்டினார். அவர் உண்மையான பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் திரும்பினேன். வீடு எழும்பியது. இதோ இந்த வீடுதான். அந்த லயத்தை இடித்துவிட்டார்கள், பீலி இருந்த இடத்தில் இப்போது குழாய். மது படித்து, கொழும்பில் வேலை செய்கிறாள், ஞாயிறு தவறாமல் போன் எடுத்து "சாப்டீங்களாம்மா?" என்று கேட்பாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நான் திரும்பிவந்த மூன்றாம் நாள் மத்தியானம் அவளைப் பக்கத்தில் போட்டுத் தூங்கவைத்தேன். அந்தப்பக்கம் வசந்தி படுத்திருந்தாள். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை சிணுங்கினாள். நான் அணைக்கப் போனேன். அவள் என்னைத் தள்ளிவிட்டுப் புரண்டு, பழகிய கையால் வசந்தியின் சட்டைக்குள் தேடினாள். கல்யாணமே ஆகாத என் தங்கச்சி, என் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிள்ளைக்கு மார்பைக் கொடுத்தாள்.