சுவரில் இருந்த லண்டன்

"இப்ப எந்த ரோட்டிலை நிக்கிறாய்?"

ஞாயிறு மாலை லண்டனிலிருந்து மகன் பேசினால் கனகேஸ்வரி ரீச்சரின் முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டாயா என்பதெல்லாம் பிறகு. தொலைபேசி இடக் காதில், வலக்கைச் சுட்டுவிரல் சுவரில். கொழும்பு வெள்ளவத்தை ஃப்ளாட்டின் முன்னறைச் சுவரை அடைத்துக்கொண்டிருந்தது அவர் கையால் வரைந்த லண்டன் வரைபடம். மகன் நடக்க நடக்க விரலும் கூடவே நடக்கும். கணவரும் காலமாகிவிட்ட அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்பதே அப்போதுதான்.

வரைபடம் மகனுக்காக வரைந்ததல்ல. பழைய ஆங்கில நாவலாசிரியர் ஒருவரைப் பற்றி, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் ரீச்சர் எழுதிவரும் விமர்சன நூலுக்கானது. பிடித்த எழுத்தாளர் என்று சும்மா விடவும் மாட்டார். "மனுசனுக்குத் தாய்மாரை எழுதத் தெரியாது. ஒண்டில் தெய்வம், இல்லாட்டிப் பேய்" என்று திட்டிக்கொண்டே பக்கத்தைப் புரட்டுவார். ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்: அந்த நாவல்களில் துக்கம் வந்தால் யாரும் அழுவதில்லை, எழுந்து நடக்கிறார்கள். யார் எந்தத் தெருவால் போனார் என்று சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். லண்டனின் சந்துபொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. சோதனைச் சாவடிக்குப் பயந்து, பக்கத்திலிருக்கும் தெஹிவளைக்குப் போய்த்தான் மாதக்கணக்காகிறது.

போன வாரம் அடுத்த வீட்டு ஜவாஹிறா மூச்சிரைக்க வந்தார். "டீச்சர், கீழ் மாடியில செக்கிங் நடக்குது. அந்தச் சுவர் மெப்பக் கழட்டுங்க. கண்டா கேள்வி மேல கேள்வி கேப்பாங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். யுத்த காலத்துக் கொழும்பில், யாழ்ப்பாணத்தார் வீட்டுச் சுவரில் சிவப்புக் கோடு போட்ட வரைபடம் ஒட்டியிருந்தால், அது நாவலுக்கு வரைந்தது என்றால் யார் நம்புவார்?

"விளங்கப்படுத்த எனக்குச் சிங்களமும் காணாது" என்றார் ரீச்சர். தானே கிழித்து, தானே காஸ் அடுப்பில் எரித்தார். வந்த சிப்பாய்கள் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், கட்டிலுக்கடியில் பார்த்தார்கள். அந்தச் சுவர்ப் பக்கம் ஒருவரும் திரும்பவே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

இந்த ஞாயிறும் மகன் அழைத்தான். எரித்ததைப் பற்றி ரீச்சர் மூச்சு விடவில்லை. போனில் கதைக்கிற கதையா அது?

"எந்த ரோட்டிலை நிக்கிறாய்?"

"பாலத்தடியிலை, அம்மா. ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. நீ நட."

வெறுஞ்சுவரில், பசை உரிந்த அடையாளங்களுக்கு நடுவே, அவர் விரல் ஆற்றங்கரையோரமாக மெல்ல நடக்கத் தொடங்கியது.