அறுபத்திரண்டு வீதத்தில் நின்ற கமரா

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் செத்தவீடு என்றால் ஐயருக்கு அடுத்தபடியாக உதயகலாவுக்குத்தான் அழைப்புப் போகும். நாற்பத்தொரு வயது, ஒரு கமரா, ஒரு ஸ்கூட்டி. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கிரியைகளை நேரலையில் காட்டுவது தொழில். அழுபவர்களுக்குக் குறுக்கே நிற்காமல் முகத்தைப் பிடிக்கத் தெரிந்தவள் என்று ஊரில் பெயர்.

பாலேஸ்வரியின் செத்தவீடு ஒரு வெள்ளிக்கிழமை. ஒரே மகன் மயூரதன் கனடாவில், மொன்றியலில். அகதி வழக்கு முடியாததால் வர முடியாது. தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவன் நம்பியிருந்தது உதயகலாவின் கமராவைத்தான். ஒரு மணிக்குப் பெட்டி மூடுவார்கள்.

பத்தரை தாண்டிக் கமராவைத் தொலைபேசியோடு இணைத்தாள். இணைப்பு ஏற்கவில்லை. கமராவின் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னது திரை. பத்து நிமிட வேலை. பற்றரியில் மூன்று கட்டம் இருந்தது. அப்போதே அழுத்தியிருக்கலாம். ஆனால் ராகுகாலம் தொடங்கிவிட்டது. சாவுக்கு நேரம் பார்க்க முடியாது, கமராவுக்காவது பார்ப்போம் என்று நினைத்தாள். திரையை அணைக்காமலே பன்னிரண்டு வரை காத்திருந்தாள்.

கமராவில் கிடந்தது மலிவுப் பற்றரி. மூன்று கட்டம் காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று விழும். அது அவளுக்குத் தெரியும். நல்ல பற்றரி பையில் இருந்தது. நேரலைக்கென்று அதை ஒதுக்கி வைத்திருந்தாள்.

பன்னிரண்டு இரண்டுக்கு அழுத்தினாள். புதுப்பிப்பு அறுபத்திரண்டு வீதம் வந்தபோது பற்றரி விழுந்து திரை கறுத்தது. நல்ல பற்றரியைப் போட்டாள். கழற்றி மறுபடியும் போட்டாள். பொத்தானை அழுத்திப் பிடித்து முப்பது வரை எண்ணினாள். ஒரு வெளிச்சமும் வரவில்லை. புதுப்பிப்பு பாதியில் அறுந்தால் கமரா பிறகு எழும்பாது.

தொலைபேசியிலேயே மயூரதனை அழைத்துக் காட்டியிருக்கலாம். அழைத்தால் கமரா போனதைச் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு தடவை பார்ப்போம் என்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

பாலேஸ்வரியின் அண்ணன் சீவரத்தினம் சனத்தை விலக்கிவிட்டார். "மறைக்காதேங்கோ, மருமோன் பாக்கிறான்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அவனுக்கு வடிவாத் தெரியுதோ?"

"ஓமண்ணை."

அந்தச் சொல்லுக்குப் பிறகு அவளால் பின்வாங்க முடியவில்லை. வாய்க்கரிசி போட வந்த பெண்ணொருத்தி கமராவின் வில்லையைப் பார்த்துக் குனிந்தாள். "பாரடா ராசா, கொம்மா நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடக்கிறா."

தொலைபேசி இரண்டு தடவை அதிர்ந்து நின்றது. மூன்றாம் தடவை எடுத்தாள். மயூரதன்.

"அக்கா, இன்னும் தொடங்கேல்லையோ? எனக்கு ஒண்டும் வரேல்லை."

நிமிர்ந்தபோது ஒரு மணி தாண்டி, பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். ஆறு பேர் அதைத் தோளில் ஏற்றியிருந்தார்கள். அவள் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"ஒருக்கா இறக்குங்கோ. அவன் முகம் பாக்கேல்லை."

"தூக்கின பெட்டியை இறக்கக்கூடாது, விலகு பிள்ளை," என்றார் சீவரத்தினம். "இவ்வளவு நேரமும் பாத்தவன்தானே?"

பறை முழங்கியது. உதயகலா வீடியோவைத் திறந்து தொலைபேசியை உயர்த்திப் பிடித்தாள். மயூரதனின் திரையில் எண்ணெய் மினுங்கும் ஒரு பலகை அசைந்தது.

"கிட்டப் பிடியுங்கோ அக்கா," என்றான். "அம்மாவைத் தெரியேல்லை."

அவள் கிட்டப் பிடித்தாள்.