கூழுக்குப் பிறகு ஓடிய ரேப் றெக்கோடர்

மின்சாரமில்லாத காலம். பற்றறியில் ஓடும் பழைய ஸ்பூல் ரேப் றெக்கோடர் ஒன்று என்னிடம் இருந்தது. குருநகர்க்காரர் ஒருவர் இன்னொன்றைக் கொண்டுவந்து, "ரெண்டையும் கேட்டுப் பாருங்கோ. நல்லதை வச்சுக்கொண்டு மற்றதைத் தாங்கோ, பின்னேரம் வாறன்" என்றார். இவ்வளவு நல்லவரா? எனக்குச் சந்தேகம் தொற்றியது.

பற்றறி கிடைக்காததால் மனைவியின் தம்பி சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்தான். அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் என்னுடையது கணீரென்று பாடியது. மத்தியானம் சாப்பிட்டபின் அவருடையதில் அதே நாடாவைப் போட்டேன். பாடகியின் குரல் கிழவன் குரலாக இறங்கியது.

"மோட்டர் பழுது! என்ரை நல்லதைச் சுருட்டப் பாக்கிறார்!" மிதித்தவனைவிட எனக்குத்தான் வியர்த்தது.

சைக்கிளிலிருந்து ஏப்பம் வந்தது. "அத்தான், மூக்குமுட்டக் கூழ் குடிச்சவன் உதைவிட வேகமா எப்பிடி மிதிக்கிறது?"

அவனை இறக்கிவிட்டு நானே ஏறினேன். இரண்டு றெக்கோடரிலும் கிழவனே பாடினான்.

குருநகர்க்காரர் வந்து, "எது நல்லம்?" என்றார்.

"நாளைக்கு வெறும்வயித்திலை சொல்லுறன்."