முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை

ஓர் இலவம்பஞ்சுத் தலையணையை மூன்று மாதம் என் கணவரின் முழங்காலுக்கு அடியில் நானே வைத்துவந்தேன். அவருக்கு வலிக்கக் கூடாதே என்றுதான் வைத்தேன். அந்த மூன்று மாதத்துக்காக அடுத்த ஒன்றரை வருஷம் நாங்கள் பட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. என் கணவர் புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் இடையே ஓடிய ஒரு கரி பஸ்ஸுக்கு டிரைவர். எங்கள் வீடு நடுவில், கீரனூரில். பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி மூட்டி, விசிறியைச் சுற்றிப் போராடினால்தான் வண்டி உறுமும்.

ஒருநாள் கிளீனர் வரவில்லை. இவரே உருளையின் அடிக்கதவைத் திறந்து தணலைக் கீழே இழுத்துத் தள்ளியிருக்கிறார். பின்னால் நகர்ந்தபோது இடறி மல்லாந்து விழுந்தார். இடது கால் தணல்மேலேயே விழுந்தது. போட்டிருந்தது காக்கி அரைக்கால் சட்டை. முழங்காலின் பின்பக்கம், தொடையிலிருந்து ஆடுசதை வரை வெந்துபோயிற்று.

கம்பவுண்டர் ஒருவர் ஒன்றுவிட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்து கட்டு மாற்றினார். காலை நீட்டினால் வெந்த இடம் இழுத்துக்கொண்டு இவர் அலறுவார். மடக்கினால் அலறல் நிற்கும். அதனால்தான் தலையணையைக் கொண்டுவந்தேன்.

"ஏங்க, இப்புடி வச்சா தேவலையா?"

"தேவலை புள்ள. அப்புடியே இருக்கட்டும்."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கம்பவுண்டர் வருவார், புண்ணைத் துடைப்பார், ஊதா மருந்தைத் தடவுவார், துணியைச் சுற்றுவார். பிறகு அவரே காலைத் தூக்கி, பக்குவமாக அந்தத் தலையணைமேல் வைத்துவிட்டுப் போவார்.

மூன்று மாதத்தில் புண் ஆறியது. எழுந்து நிற்கட்டும் என்று கையைப் பிடித்துத் தூக்கினேன். வலது கால் ஊன்றியது. இடது கால் கொக்கின் கால் மாதிரி மடங்கியே நின்றது. பாதம் தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கியது.

"மரத்துப்போச்சு போல. நடந்தா சரியாயிரும்" என்றார்.

மரத்துப்போகவில்லை. முழங்காலின் பின்னால் ஆறிய தோல் தடித்து, வடம்போல முறுக்கிக்கொண்டு, தொடையையும் ஆடுசதையையும் சேர்த்து இழுத்துப் பிடித்திருந்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன். மரக்கட்டையை அழுத்துவதுபோல இருந்தது.

அதற்கப்புறம் ஆளுக்கொரு யோசனை. விளக்கெண்ணெய் போடு என்றார்கள், மணலை வறுத்து ஒத்தடம் கொடு என்றார்கள். கட்டுமாவடியிலிருந்து அவருடைய சின்னம்மா சுறா எண்ணெய் கொடுத்தனுப்பினார். வீடே நாறியதுதான் மிச்சம். இரண்டு மாதம் தேய்த்தேன், ஒரு விரற்கடைகூட நீளவில்லை. கடைசியில், கால் பிடித்துவிடுகிறவர் ஒருவர் வந்து, "இழுத்து அமுக்கினா தன்னால நிமிந்துரும்" என்று முழங்கால்மேல் ஏறியே உட்கார்ந்தார். தோல் பிளந்து ரத்தம் கொட்டியது. அந்தப் புண் ஆற இன்னும் ஒரு மாதம். அந்த மாதமும் கால் மடங்கித்தான் கிடந்தது.

பிறகுதான் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் தினமும் ஓட்டிய பஸ்ஸிலேயே, பின்சீட்டில், காலை என் மடியில் போட்டுக்கொண்டு வந்தார்.

டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "படுத்திருந்தப்ப முழங்காலுக்குக் கீழ ஏதாச்சும் வச்சிருந்தீங்களா?"

"தலையணை வச்சேங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "தீப்பட்ட தோல் ஆறும்போது சுருங்கும்மா. காலை மடக்கி வச்சா அந்த அளவுக்கே சுருங்கி நின்னுரும். மாசக்கணக்குல மடங்கிக் கிடந்தா உள்ள இருக்கிற சதையும் குட்டையாயிரும். அப்புறம் மூட்டும் பிடிச்சுக்கும். வலிக்காத மாதிரி வச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு. வலிச்சாலும் நேரா ஒரு பலகையில வச்சுக் கட்டியிருக்கணும்."

"யாரும் சொல்லலையேங்க. கம்பவுண்டர் வந்து வந்து பாத்தாரே."

டாக்டர் கையைக் கழுவப் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் அந்தக் கம்பவுண்டரைக் கடைத்தெருவில் பார்த்தேன். பத்துப் பேர் முன்னால் கேட்டேவிட்டேன். "புண்ணுக்கு மருந்து போடத்தானே என்னையக் கூப்புட்டீங்க? புண்ணு ஆறிருச்சுல்ல?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதனாலேயே எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

ஆஸ்பத்திரியில் தழும்பை அறுத்து விரித்து, வலது தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். ஒரே நாளில் காலை முழுதாக நிமிர்த்த முடியாது, உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் சுருங்கியிருக்கிறது, அவசரப்பட்டால் காலே போய்விடும் என்றார்கள். கொஞ்சம் நிமிர்த்தி மாவுக்கட்டுப் போட்டார்கள். சில வாரம் கழித்து அதை உடைத்து, இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி மறுபடி ஒரு கட்டு. பிறகு இன்னொன்று. ஒட்டிய தோலில் ஓர் ஓரம் பிடிக்காமல் உரிந்து வந்தது. முன்பு ஒரு காலில்தான் புண். இப்போது இரண்டு காலிலும்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மரப்பலகையும் பட்டைத் துணியும் கொடுத்தார்கள். ஆறு மாதம் இரவும் பகலும் காலை அதில் கட்டியே வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை அவிழ்த்து, முழங்காலை அழுத்தி நீட்டி, இருபது எண்ணும்வரை பிடிக்க வேண்டும். விட்டால் பழையபடி சுருங்கிவிடும்.

அந்த இருபதுதான் எங்களுக்குள் தினப்படிச் சண்டை.

"பதினெட்டு..."

"போதும், விடு!"

"இன்னும் ரெண்டுதாங்க."

"நீ பொஞ்சாதியா, செயில் வார்டரா?"

நான் அடுப்படிக்குப் போனால் கட்டை அவிழ்த்துவிடுவார். கேட்டால் அரிக்கிறது என்பார். மறுபடி கட்டுவேன். மறுபடி அவிழ்ப்பார். ஒருநாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதே தலையணையை முழங்காலுக்கு அடியில் செருகிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

குடத்தை இறக்கியதுகூட நினைவில்லை. தலையணையை உருவி, அரிவாள்மனையில் வைத்து ஒரே கிழி கிழித்து, வாசலில் உதறினேன். பஞ்சு தெரு முழுக்கப் பறந்தது. எதிர்வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள்.

"அதும்மேல ஏண்டி கோவத்தக் காட்டுற? என்னைய நாலு அடி அடி" என்றார் உள்ளேயிருந்து.

"ஒங்கள அடிச்சு என்ன செய்ய? மொதல்ல அத வச்சது நானு."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவர் பலகையை எடுத்து என்னிடம் நீட்டினார். அன்று இருபது வரை எண்ணவிட்டார்.

ஆறு மாதம் கழித்து நடந்தார். கால் முக்கால்வாசிக்கு மேல் நிமிர்ந்துவிட்டது. முழுதாக நிமிரவில்லை. இடது செருப்பில் ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்தால்தான் குதிகால் ஊன்றும். டாக்டரிடம் காட்டினோம். "இதுக்கு மேல பெருசா வராதும்மா. இது போயிராம பாத்துக்குங்க" என்றார்.

பஸ் முதலாளியிடம் போனார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்துப் பார்த்தார். கடைசி இரண்டு அங்குலத்துக்குக் கால் எட்டவில்லை. அவர் விடுகிற ஆள் இல்லை. கொல்லரிடம் போய் ஒரு மரக்கட்டைக்குப் பட்டை அடித்து, அதை மிதிகட்டைமேல் மாட்டினார். கால் எட்டியது. புதுக்கோட்டைக்குப் போய்த் திரும்பி வந்து, இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று நான் பாயசம் வைத்தேன்.

நாலு நாள்தான் ஓட்டினார். அதே பஸ்ஸை முறைவைத்து ஓட்டும் இன்னொரு டிரைவரின் கால் அந்தக் கட்டையில் தட்டுகிறதாம். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட நேரம் இல்லையாம். முதலாளி கட்டையைக் கழற்றி இவர் கையில் கொடுத்து, ஸ்டாண்டில் டைம்கீப்பராக உட்கார் என்றார். நல்ல மனிதர், வேலையாவது கொடுத்தாரே என்று எல்லோரும் சொன்னார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிப்பார். "கியர் போடத் தெரியல புள்ள அந்த டிரைவருக்கு. பல்ல நறநறன்னு கடிக்கிற மாதிரி சத்தம். கேக்கவே சகிக்கல."

இரண்டு நாள் பயிற்சியை விட்டால் போதும், முழங்கால் மறுபடி இறுகிக்கொள்ளும். சரியாகிவிட்டது, இனி வேண்டாம் என்று எங்களால் ஒருநாளும் சொல்ல முடியவில்லை. தினமும் காலையில் அவர் காலை நீட்டி உட்காருவார். நான் முழங்காலை அழுத்திக்கொண்டு எண்ணுவேன். பதினெட்டில் அவர் கத்துவார், நானும் பதிலுக்குக் கத்திவிட்டு இருபது வரை எண்ணி முடிப்பேன்.