மூன்று ஓலையும் ஒரு பாஸ்வேர்டும்

சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண் அசரலாம் என்று சாய்ந்தபோது போன். ஆரோக்கியசாமி.

"சார், கொஞ்சம் கோயில் ஆபீஸ் வரைக்கும் வாங்க. கம்ப்யூட்டர்ல உள்ள போக முடியலைங்க."

ஆரோக்கியசாமி எங்கள் வாய்க்கால் லஸ்கர். டெல்டாவில், பாபநாசத்துக்கு இந்தப் பக்கம் எந்த மதகை எப்போது எவ்வளவு திறப்பது என்பது அவர் கையில். அவர் பதறி நான் பார்த்ததில்லை. அன்றுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். அவர் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு குவைத்தில் வேலை — ஒரு மாத லீவில் வந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பது எங்கள் கோயில் வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று ஊரறியச் சொல்வது. மறுநாள் முதல் ஓலை. அது ஒரு வாரம் தள்ளிப்போனால், மூன்றாவது ஓலை வாசிக்கும்போது மாப்பிள்ளை மறுபடி குவைத்தில் இருப்பார்.

ஓலை வாசிக்கப் பெண்ணின் ஞானஸ்நானப் பதிவு வேண்டும். பழைய பதிவேடு மழையில் நனைந்து பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. நல்லவேளையாக, எங்கள் ஊர் இன்ஜினீயர் ஸ்டீபன் அத்தனையையும் முன்பே இன்டர்நெட்டில் ஒரு டேட்டாபேஸில் ஏற்றிவிட்டுத்தான் சிங்கப்பூர் போனார். உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம் என்று எங்களுக்குப் பெருமை வேறு. இப்போது கோயில் ஆபீஸிலிருந்தே பார்க்க முடியவில்லை.

பங்குச் சாமியார் சாந்தமாகச் சொன்னார். "சாயங்காலப் பூசைக்குள்ள பதிவைக் காட்டுங்க. பாக்காம நான் வாசிக்க முடியாதுங்க."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஊரில் ஒரு அபிப்பிராயம். நானும் மறுத்ததில்லை. கெத்தாக உட்கார்ந்தேன். காலையில், கோயில் ஆபீஸைக் கவனிக்கும் உபதேசியார் கேப்ஸ் லாக் எரிவதைக் கவனிக்காமல் அடித்திருந்தார். அதை அணைத்தேன். யூசர் நேம், பாஸ்வேர்டு — ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். 'லாகின் செய்ய முடியவில்லை.' ஏனாம்? அதை மட்டும் சொல்லாது. பிரவுசரை மாற்றினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டருக்கே போய்ப் பார்த்தேன். அதே பதில்.

முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன். ஸ்டீபனுக்குப் போன்.

"அங்கிள், பாஸ்வேர்டு சரியாத்தான் இருக்கு. மூணு தடவை தப்பா அடிச்சா அரை மணி நேரம் பூட்டிக்கும். அந்த நேரத்துல யார் திரும்ப அடிச்சாலும் அரை மணி மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கும். இங்க லிஸ்ட்ல பாக்கறேன்... குவைத், துபாய், மலேசியா, திருச்சி... காலையிலேருந்து எல்லா ஊர்லேருந்தும் அடிச்சிருக்காங்களே."

"நீங்க திறந்துவிட முடியாதா?"

"எனக்கு இந்த லிஸ்ட் மட்டும்தான் தெரியும், உள்ள போக முடியாது. சர்வர் கம்பெனிக்காரங்கதான் திறக்க முடியும். அவங்க திங்கக்கிழமைதான் வருவாங்க."

ஆரோக்கியசாமியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். தம்பி, மச்சான், சம்பந்தி வீட்டுக்காரர்... பதினோரு பேருக்குப் பாஸ்வேர்டைச் சொல்லி முயற்சி பண்ணச் சொல்லியிருக்கிறார்.

நமக்கு இது ஒரு பழக்கம். ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் சும்மா இருக்கத் தெரியாது. துபாயில் ஓவர்டைமுக்கு நடுவிலும் ஒருவர் வந்து கை கொடுப்பார். பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாசம்தான் அன்று ஸ்டெல்லாவின் கல்யாணத்தைப் பூட்டி வைத்திருந்தது.

"எல்லாரும் கையை எடுத்தாத்தான் திறக்கும். பதினோரு பேருக்கும் எப்படிங்க புரியவைக்கறது?" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. போனை எடுத்தார். "தம்பி, முறை வச்சிருக்கேன். நான் சொல்ற வரைக்கும் ஷட்டரைத் தொடாதே." அடுத்த போன். அதே வார்த்தை. ஒருவர்கூட விளக்கம் கேட்கவில்லை. தண்ணீர் குறைவான காலத்தில் முறை வைத்துத்தான் மதகு திறப்பார்கள்; ஆளாளுக்கு மதகு ஷட்டரைத் தூக்கினால் வாய்க்காலின் கடைசியிலிருக்கும் கடைமடை வயலுக்குச் சொட்டுக்கூடப் போகாது. டெல்டாக்காரனுக்கு இது குவைத்திலும் மறக்காது.

டீ வந்தது. ஸ்டெல்லா வாசலில் நின்று சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. இருபது நிமிடம் ஆனது. எல்லோரும்தான் அடங்கிவிட்டார்களே... ஒருவேளை இப்போதே திறந்திருந்தால்? சும்மா ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்தேன்.

'லாகின் செய்ய முடியவில்லை.'

ஆரோக்கியசாமி கீபோர்டை மெல்ல இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து அரை மணி.

பூசைக்கு முதல் மணி அடித்தபோது, அவரே ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். திறந்தது. ஸ்டெல்லா மேரி, தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் — எல்லாம் இருந்தது. ஸ்டெல்லா அழுதுவிட்டாள். சாமியார் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

மறுநாள் பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். எந்த ஓலைக்கும் கடைசி வரி ஒன்றுதான். 'இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும்.'

முன் பெஞ்சிலிருந்த ஆரோக்கியசாமி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கோயில் கூரையை ரசித்துக்கொண்டிருந்தேன்.