ஆபத்தைக் கண்டால் அமத்துங்கோ

லைசன்ஸ் எடுத்த எல்லோருக்கும் கார் ஓட்டத் தெரியும், ஆபத்து வரப்போவதுதான் தெரியாது என்பதால், டிரைவிங் மாஸ்டரான எனக்குக் கனடாவின் ஸ்காபரோவில் இன்னும் தொழில் ஓடுகிறது. பெண்சாதிக்கோ பிள்ளைக்கோ பக்கத்தில் இருந்து, இல்லாத பிரேக்கை மிதித்தவர்களே, என் கால் உளைவு உங்களுக்குத்தான் விளங்கும்.

மேல்மாடி ட்ரக்

என் வகுப்பு ஒரு பிளாசாவின், அதாவது கடைத்தொகுதியின், மேல்மாடியில். திரையில் தெரு ஓடும். ஆபத்து வருவது தெரிந்தால் புதுச் சாரதி பொத்தானை அமத்தவேண்டும். கனகு என்ற பெடியன், ட்ரக் ஒன்று பின்னுக்கு வருவதைக் கண்டு பொத்தானை மறந்து நிலத்தை மிதித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், கீழே இருந்த பலகாரக் கடையின் கூரைப் பூச்சு உதிர்ந்தது. கடைக்காரர் ரோல்ஸ் தட்டோடு மேலே வந்தார்.

“அண்ணை, உங்கடை ட்ரக் இப்ப என்ரை ரோல்ஸுக்கு மேல நிக்குது.”

வாறம், வாறம்

தேவமலருக்கு லைசன்ஸ் புதிது. றிச்மண்ட் ஹில்லில் வேலை கிடைத்திருந்தது. பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. கார்த் திறப்போ, அதுதான் சாவி, கணவர் அருளப்புவின் சட்டைப்பையில். “மாஸ்டர் பாஸ் எண்டால் தாறன்” என்று கையடித்து வாக்குக் கொடுத்திருந்தார்.

திரையில் ஒரு கார் சும்மா நின்றது. டிரைவர் உள்ளே, வழியனுப்புகிறவர் நடைபாதையில். தேவமலர் அமத்தினா. ‘அவசரப்பட்டுவிட்டீர்கள்’ என்றது கம்பியூட்டர். மறுகணம் டிரைவர் கதவு படீரென்று தெருப்பக்கம் திறந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“‘போயிட்டு வாறம்’ எண்டு சொல்லிப்போட்டும் கதைச்சுக்கொண்டு நிக்கினம், மாஸ்டர். எங்கடை ஆக்கள் அதுக்குப் பிறகு இன்னொருக்கா இறங்காமல் போறேல்லை.”

கடைசிச் சோதனை

பிறகு என் காரில், உண்மையான தெருவில். காணும் ஆபத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும். “பஸ்... சைக்கிள்... பந்து, பின்னாலை பிள்ளை வரும்...” ஒன்றும் தப்பவில்லை. சோதனையைப் பார்க்கவென்று பின் சீற்றில் ஏறியிருந்த அருளப்பு மட்டும், “பிரேக்! பிரேக்! அங்கை புறா!” என்று கத்தி, கடைசியில் ஸ்டியறிங்கைப் பிடிக்கவும் கை நீட்டினார். தேவமலர் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரமாக நிறுத்தினா.

“என்ன கண்டனீர், பிள்ளை?” என்றேன்.

“இவரைத்தான்.”

பாஸ் போட்டேன். அருளப்பு திறப்பை எடுத்து நீட்டினார், ஆனால் விரல் விடவில்லை. “அப்ப நான் மீன் வாங்க எப்பிடிப் போறது?”

அவ திறப்பை இழுத்தெடுத்தா.

“முதல் நாளே சொல்லுங்கோ. நேரமிருந்தால் ஏத்துறன். ஆனா வாய் திறக்கப்படாது.”

நான் கண்டமட்டில், புதுச் சாரதி தெருவில் தேடுகிற ஆபத்துகளில் பாதி, சீற் பெல்ட்டும் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்தே கூட வருகிறது.